சத்தமில்லாமல் நின்ற சங்கிலி

செப்டம்பர் 9, 2013

இன்றும் பாதியில் விழுந்தது. எங்கள் கரைக்குப் புயல் எச்சரிக்கை அனுப்பும் புரோகிராம். படகு, அதன் உரிமையாளர், அவர் மனைவி, மனைவியின் போன் — ஒன்றைப் பிடித்து அடுத்ததற்குப் போகும் சங்கிலி. விவரமெல்லாம் கோயில் குடும்பப் பதிவேட்டிலிருந்து வருகிறது. கடலுக்குப் போகிறவன் போனை வீட்டில் வைத்துவிட்டுத்தானே போவான். மெசேஜைப் பார்த்துவிட்டு வயர்லெஸ் அறைக்கு ஓடிப் படகைக் கூப்பிடுகிறவள் பெண்டாட்டி. நடுவில் ஒரு கண்ணி காலியாக இருந்தால் புரோகிராமே செத்துவிடுகிறது. வரிசையில் பின்னால் நிற்கும் ஒருவருக்கும் மெசேஜ் போகாது.

இந்தப் புரோகிராமை எழுதியிருக்கும் மொழியை உண்டாக்கியவரே எங்கள் முதலாளி எட்சன் அண்ணன்தான். புதுக்கடை ஊரில், ஃபேன்சி ஸ்டோர் மாடியில் உட்கார்ந்து உண்டாக்கியது. இப்போது அந்த மொழியிலேயே கை வைக்கப் போகிறாராம்.

செப்டம்பர் 12

முடித்துவிட்டார். ஒரு கண்ணிக்கும் அடுத்ததற்கும் நடுவில் வைக்கிற புள்ளிக்கு முன்னால் ஒரு கேள்விக்குறி. இருந்தால் மேலே போ, இல்லையென்றால் சத்தமில்லாமல் நின்றுகொள், அடுத்த படகைப் பார். அழகாகத்தான் இருக்கிறது. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

"நின்னது ஆருக்குன்னு எப்படி அண்ணா தெரியும்?"

"ஒருத்தனுக்க விவரம் இல்லேன்னா பொறத்த நிக்கியவியளுக்கெல்லாம் போவாண்டாமா? நீ எல்லாத்தையும் சந்தேகப்படுவ, கேட்டியா."

ஆமாம், படுவேன். கத்துகிற தப்பைப் பிடித்துவிடலாம். வாயை மூடிக்கொண்டிருப்பதை எங்கே போய்த் தேட? இதைச் செய்யச் சொன்ன பங்குச்சாமியாரிடம் சீக்கிரம் ஒப்படைக்கத்தான் இந்த வித்தையோ?

செப்டம்பர் 20

பிழை ஒன்றும் இல்லை என்கிறது திரை. நான் நம்பவில்லை.

அக்டோபர் 17



மதியம் எச்சரிக்கை போனது. திரையில் 'முடிந்தது'. எட்சன் அண்ணன் எல்லோருக்கும் டீ சொன்னார். எனக்கு மட்டும் உறுத்தல். தம்பி ஷைஜு காலையிலேயே படகை எடுத்துக்கொண்டு போயிருந்தான். அம்மாவுக்குப் போன் போட்டேன், மெசேஜ் வந்ததா என்று.

"எனக்கு எதுக்கு மக்கா வருது? பொண்டாட்டிமாருக்கில்லா வரும். சிலுவைமுத்து மாமனுக்க பொண்டாட்டி வேளாங்கண்ணி அப்பவே வயர்லெஸ்ஸுக்கு ஓடிட்டாளே."

ஐயோ மாதாவே. ஷைஜுவுக்குக் கல்யாணம் ஆகவில்லை! மனைவி — காலி. சங்கிலி அங்கே சத்தமே இல்லாமல் நின்றிருக்கிறது. "ஓடும்மா, அவனக் கூப்பிடும்மா" என்று கத்தினேன். ஆபீஸே திரும்பிப் பார்த்தது.

சாயங்காலம் நனைந்து வந்து நின்றான். "மத்தவனுவ திரும்புனத பாத்தேன். மீனு கெடைக்காம போறானுவன்னுல்லா நெனச்சேன்." அப்புறம் சிரித்துக்கொண்டே, "கல்யாணம் கெட்டாதவன் செத்தா பரவால்லியாக்கா?" என்றான். அவன் சிரித்தான். எனக்குத்தான் அழுகை நிற்கவில்லை.

அக்டோபர் 18

போய் நின்றதும் கத்திவிட்டேன். சவத்துக் கேள்விக்குறி என்றுகூடச் சொல்லிவிட்டேன். எட்சன் அண்ணன் தலை நிமிரவில்லை. "எடுத்துரட்டா?" என்றார்.

எடுத்தால் பழையபடி பின்னால் நிற்பவர்களுக்குப் போகாது. "எடுக்காண்டாம். நிக்கட்டும். ஆனா நின்ன எடத்த வாயத் தொறந்து சொல்லணும்."

மாலைக்குள் மாற்றிவிட்டார். எங்கே நிற்கிறதோ அந்தப் பெயர் சிவப்பில் வருகிறது. கல்யாணம் ஆகாத பயல்கள் அத்தனை பேரும் வரிசையாக வந்தார்கள். எல்லோருக்கும் அம்மா நம்பரைப் போட்டோம்.

பிப்ரவரி 5, 2014

ரொம்ப நாளைக்குப் பிறகு இன்று ஒரு சிவப்பு வரி. சிலுவைமுத்து — மனைவி இல்லை.

வேளாங்கண்ணியை அடக்கம் செய்து ஒரு வாரம்தான் ஆகிறது. அதற்குள் கோயில் பதிவேட்டில் பெயரை எடுத்துவிட்டார்கள். பிள்ளைகளும் இல்லாத வீடு. மாமா அடுத்த வாரம் கடலுக்குப் போவாராம். போன் போட்டுக் கேட்டேன்.

"இனி ஆருக்க நம்பர போட மாமா?"

"ஆரும் இல்ல மக்கா" என்றார்.

அந்த இடத்தில் என் நம்பரைப் போட்டேன். வந்தால் அம்மாவை ஓடச் சொல்லலாம். திரை 'சரி' என்றது. அதை நம்பாமல் ஒரு சோதனை மெசேஜ் அனுப்பிப் பார்த்தேன். பைக்குள் என் போன் அடித்தது.