கையைக் காட்டிவிட்டுப் போனவர்கள்

இன்று காலை எங்கள் சாயப்பட்டறையில் பழைய பாய்லரை வெட்டினார்கள். கேஸ் கட்டர் துருவில் பட்டதும் கிளம்பிய நாற்றம் நேராக என் நெஞ்சுக்குள் இறங்கியது, மச்சான். துணி மூட்டையைப் போட்டுவிட்டு வெளியே வந்து நின்றேன். சூப்பர்வைசர் பின்னாலேயே வந்தார். "ஏனுங்க, பொகை ஒத்துக்கலீங்களா? போயி ஒரு டீ குடிச்சுப்போட்டு வாங்க," என்றார். உடைந்த கப்பலில் என் பொண்டாட்டியின் அண்ணன் உன்னோடு குடியிருந்தேன் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? தாராபுரத்துக்காரர், கடலை டிவியில்தான் பார்த்திருப்பார்.

நாம் மீன்பிடிக்கப் போன போட், இன்ஜின் நின்று, நீரோட்டம் இழுத்த பக்கமெல்லாம் போய், கடைசியில் பவளப்பாறையில் மோதிச் சிதறியது. நீந்திக் கரையேறினால், தீவு என்று பெயர்தான். மணல், முட்புதர், நண்டு. நிழலுக்கு ஒரு மரம் கிடையாது. கரையோரம் தரைதட்டிச் சாய்ந்து கிடந்த சரக்குக் கப்பல்தான் நமக்குக் கதி. எந்த நாட்டுக் கப்பலோ, எவர் விட்டுப் போனதோ. நீ உள்ளே நுழைந்ததும் தரையைப் பெருக்க ஆரம்பித்தாய். எனக்கு எரிச்சலாக வந்தது.

"நாம என்ன இங்க பால் காய்ச்சவா வந்திருக்கோம்?" என்றேன்.

"கெடக்குற வரைக்கும் மனுசனாக் கெடப்போம் மாப்ள," என்றாய்.

கிழிந்த தார்ப்பாயைக் கட்டி மழைத்தண்ணீர் பிடித்தோம். கப்பலின் அடுக்களையில் கிடந்த சட்டியில் நண்டு அவித்தோம். வெயில் ஏறினால் இரும்புச் சுவர் தோசைக்கல்லாகக் காயும். நிழல் நகர நகர நாமும் நகர்ந்து உட்காருவோம். கேபின் கதவுகளைப் பெயர்த்து எரித்து, மேலே பழைய கயிறுகளைப் போட்டு, யார் கண்ணிலாவது படட்டும் என்று கரும்புகை எழுப்பினோம். அப்படி ஒரு கதவைப் பெயர்க்கும்போதுதான் துருத்தகடு உன் குதிகாலைக் கிழித்தது. கால் வீங்கியது, காய்ச்சல் ஏறியது. "ஒரு ஊசி போட்டாச் சரியாப் போயிரும்ல," என்றாய். அந்த ஒரு ஊசிக்கு உன்னைக் கரை சேர்க்க வேண்டும். அதைத் தவிர எனக்கு வேறு நினைப்பே இல்லை.

ஒரு நாள் ஒரு போட் வந்தது. ஆள் முகம் தெரியும் தூரத்தில் வந்தது. நீ ஒற்றைக் காலில் நொண்டி வந்து, கப்பல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கையை ஆட்டினாய். நானும் ஆட்டினேன். சந்தோஷத்தில் இரண்டு பேரும் சிரித்துவேறு தொலைத்தோம். இன்ஜின் சத்தத்தில் நம் கூப்பாடு அவர்களுக்குக் கேட்கவில்லை. அவர்களும் சிரித்துக் கையை ஆட்டினார்கள். ஒருவன் கையை வாய்க்குக் கொண்டுபோய், சாப்பிட்டாச்சா என்று சைகையில் கேட்டான். அப்புறம் போய்விட்டார்கள். புகையைப் பார்த்து, கப்பலில் இரும்பு வெட்ட வந்தவர்கள் சமைக்கிறார்கள் என்று நினைத்திருப்பார்கள்.

போட் மறைந்த பிறகு நீ மெதுவாகச் சொன்னாய்: "சாரத்த அவுத்து வீசிருக்கணும் மாப்ள. கையையில்ல காட்டிட்டோம்." ஆபத்து என்றால் கைலியையோ துணியையோ உயர்த்தி வீச வேண்டும் என்பது நம் ஊரில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும்.

நிஜமாகவே இரும்பு வெட்டுகிறவர்கள் பிறகு கேஸ் கட்டரோடு வந்தார்கள். அதற்குள் உன்னை மணலில் அடக்கம் பண்ணி, மேலே ஒரு சிலுவை நட்டிருந்தேன். அவர்கள் என்னை மட்டும் ஏற்றிக்கொண்டு வந்தார்கள்.

அதன்பின் நான் கடலில் கால் வைக்கவில்லை. உன் தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு திருப்பூருக்கு வந்துவிட்டேன். அவள் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறாள். இங்கே ரோட்டில் யார் எனக்குக் கையைக் காட்டினாலும் நான் சைக்கிளை நிறுத்திவிடுவேன், பக்கத்தில் போய் என்ன வேணும் என்று கேட்பேன். ஒடிசாப் பையன்கள், "குச் நஹி பையா," ஒன்றுமில்லை அண்ணா என்று சிரிக்கிறார்கள். உன் தங்கச்சி சிரிப்பதில்லை. "இப்படி ஊரெல்லாம் நின்னு கேட்டா, எங்க அண்ணன் வந்துருவானா?" என்கிறாள். வரமாட்டாய். தெரிந்தும் நிற்கிறேன்.

அந்தப் போட்டுக்காரர்களைத் திட்டக்கூட எனக்கு வாய் வரவில்லை. அந்தப் போட்டில் நாம் இருந்து, கப்பலில் இரண்டு பேர் கையை ஆட்டியிருந்தால், நாமும் ஆட்டிவிட்டு, சாப்பிட்டாச்சா என்று கேட்டுவிட்டு, நம் பாட்டுக்குப் போயிருப்போம் மச்சான்.