சூளைக்குப் போட்ட பூட்டு

மார்ச் 3, செவ்வாய்

நாத்தனார் இன்றைக்கும் கண்ணாடிச் சூளையின் கதவை ஒரு விரல் அளவு திறந்து எட்டிப் பார்த்தாள். கேட்டால், "எப்படி வந்திருக்குன்னு பாக்க ஆசையா இருந்துச்சு அண்ணி." ஆசையாம்! அச்சில் போட்ட கண்ணாடித் துண்டுகள் உருகி ஒன்றாகி, பிறகு மெல்ல மெல்ல ஆற வேண்டும். நடுவில் காற்று பட்டால் விரிசல்தான். சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். அவசரக்குடுக்கை.

ஒரே சூளை, இரண்டு பேர். இவருடைய தங்கச்சியாச்சே என்று பொறுத்துக்கொண்டிருக்கிறேன். அவள் செய்வதெல்லாம் ஒரு கிண்ணமா? உள்ளங்கை அகலம், மெலிசு, உள்ளே முழுக்கக் குமிழி. 'கண்ணாடி விட்ட மூச்சு' என்று அதற்கு விளக்கம் வேறு. மூச்சாம், மண்ணாங்கட்டி.

மார்ச் 5

கடைத்தெரு அலங்காரப் பொருள் கடைக்காரம்மா போன் செய்தார். வாசல் அலமாரியில் யாராவது ஒருவருடைய கிண்ணங்களை மட்டும் வைப்பாராம், பெயர்ப்பலகையோடு. திங்கட்கிழமை இங்கே வந்து பார்த்துச் சொல்வாராம். அந்த அலமாரி எனக்கு வேண்டும். வெட்கமில்லாமல் எழுதுகிறேன் — எனக்குத்தான் வேண்டும்.

மார்ச் 6

பெரிய கிண்ணத்தைச் சூளையில் ஏற்றியாயிற்று. இரண்டு விரல் கனம், கருநீலம். செவ்வாய்க்கிழமைதான் திறக்கலாம். கடைக்காரம்மாவுக்கு மற்றதைக் காட்டிச் சமாளிக்க வேண்டியதுதான். மூலையில் மிஞ்சிய இடத்தில் அவளுடைய சின்னது மூன்று. போனால் போகிறது.

கதவுக்குப் பூட்டு போட்டுச் சாவியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். "சூளைக்குப் பூட்டு போட்ட முதல் ஆளு நீதான்" என்று இவர் சிரித்தார். தங்கச்சியைக் கண்டிக்க மட்டும் அந்த வாய் திறக்காது.

மார்ச் 8

பூட்டைப் பார்த்தாள். என் கழுத்தைப் பார்த்தாள். அச்சு துடைக்கப் போய்விட்டாள். நல்லது.

மார்ச் 9, திங்கள்

கடைக்காரம்மா வந்தார். என்னுடையதை எல்லாம் தாண்டிப் போய், அவளுடைய பழைய கிண்ணம் ஒன்றை வெளிச்சத்தில் பிடித்து, "குமிழியெல்லாம் அழகா இருக்கே" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இருங்க, கிண்ணம்னா என்னன்னு காட்டுறேன்" என்று சாவியைக் கழற்றினேன்.

"அண்ணி, இன்னும் சூடு இறங்கல. நாளைக்குத்தானே திறக்கணும்னீங்க?"

"எனக்கே சொல்லித் தர்றியா?"

திறந்தேன். கையுறை போட்டு அச்சோடு தூக்கி மேஜையில் வைத்தேன். கடைக்காரம்மா "அடேயப்பா!" என்றார். என் காதால் கேட்டேன், பொய்யில்லை. அடுத்த நொடி 'டிக்'. விளிம்பிலிருந்து விளிம்பு வரை. இரண்டு பாதி.

ஓடிப்போய்ச் சூளைக் கதவைச் சாத்தியது அவள். நான் மரம் மாதிரி நின்றேன். என்னத்த எழுதுறது? யாரு அவசரக்குடுக்கை?

மார்ச் 11

அவளுடைய மூன்றும் முழுசாக வந்தன. அலமாரியும் அவளுக்கே.

மார்ச் 20, வெள்ளி

கடைத்தெரு வழியாகப் போனேன். வாசலிலேயே அவள் பெயர். நின்று பார்த்தேன். குமிழி குமிழிதான், அதில் என் கருத்து மாறவில்லை.

வீட்டுக்கு வந்து அடுத்த பெரிய கிண்ணத்தை ஏற்றிப் பூட்டினேன். சாவியைக் கயிறோடு அவளிடம் நீட்டினேன். "செவ்வாய்க்கிழமை வரைக்கும் நானே வந்து கேட்டாலும் குடுக்காதே."

"சரி அண்ணி" என்று கழுத்தில் மாட்டிக்கொண்டாள். சிரிப்பை அடக்குகிறாள், கழுதை.

மார்ச் 22

கேட்டேன். தரவில்லை.