பேர் வெட்டிய டம்ளர்

படப்பை
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் தமிழ்வாணனுக்கு அம்மா எழுதுவது. மாரியாத்தா புண்ணியத்தில் நானும் உன் பெண்டாட்டியும் பேத்தி அமலாவும் நல்லபடியாக இருக்கிறோம், கத்தார் வெயிலில் நீ மோராவது குடிக்கிறாயா என்றுதான் எனக்குக் கவலை. போனில் சொன்னால் பாதியிலேயே கத்துவாய், கடிதத்தில் குறுக்கே பேச முடியாது பார், அதனால்தான் லீவு முடிந்து வரும் பரசுராமன் கையில் இதையும் நார்த்தங்காய் ஊறுகாயையும் கொடுத்தனுப்புகிறேன்.

எச்.ஐ.வி. உள்ளவர்களை எல்லாம் தொடச் சொல்கிறார்களாமே, அமலாவுக்கு நர்ஸ் உதவியாளர் படிப்பே வேண்டாம், ஒரகடத்தில் ஏதாவது கம்பெனி வேலைக்கு பஸ் ஏற்றிவிடுங்கள் என்று சொல்லிவிட்டாய். அதிலிருந்து பிள்ளை சரியாகச் சாப்பிடவில்லை. நாளைக்கு இல்லை, அதற்கடுத்த திங்கட்கிழமை அவள் ஆஸ்பத்திரி வார்டுக்கு வேலை பழகப் போகவேண்டும், போகாவிட்டால் படித்தது வீண். வீட்டார் வந்து ஒரு பாடத்தைக் கேட்டுவிட்டு அப்புறம் முடிவு சொல்லட்டும் என்று பயிற்சி கொடுக்கும் மேடம் கூப்பிட்டார்கள். உன் பெண்டாட்டிக்கு ஷிப்ட், நான் ஷேர் ஆட்டோ ஏறிப் போனேன்.

பாடம் எடுக்க வந்தவர் டாக்டர் இல்லை. உச்சிமாகாளி என்று திருநெல்வேலிப் பக்கத்துப் பிள்ளை, ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் லைன் வேலை பார்க்கிறார். எனக்கு எச்.ஐ.வி. இருக்கிறது, என் பேரைச் சொல்லியே யாரிடமும் சொல்லலாம் என்றார், அதனால்தான் உனக்கு எழுதுகிறேன், மற்ற நோயாளிகள் விஷயத்தை வெளியே மூச்சு விடக்கூடாதாம். நான் எலும்பும் தோலுமாக ஒருவரை நினைத்துக்கொண்டு போனேன், இவர் உன்னைவிடக் கட்டாக இருக்கிறார். தினம் மாத்திரை விடாமல் போட்டால் கிருமி ரத்தத்தில் தேடினாலும் அகப்படாத அளவுக்கு அடங்கிவிடுமாம், அப்படியே அடங்கியிருந்தால் பெண்டாட்டிக்கும் ஒட்டாதாம். அவருக்குக் கைக்குழந்தை இருக்கிறது, அதற்கும் ஒன்றுமில்லை. எனக்கு வாய் சும்மா இருக்குமா, கொசு கடித்தால் வராதா என்று கேட்டுவிட்டேன். கொசுவால வரும்னா இந்தப் படப்பையில ஒருத்தரும் மிச்சமிருக்க மாட்டாவ ஆச்சி என்று அவர் சொல்ல எல்லோரும் சிரித்துவிட்டோம். ரத்தம் படும் வேலை என்றால் எந்த நோயாளிக்கும் கையுறை, நாடி பிடிக்க வெறும் கையே போதும் என்று மேடம் சொன்னார்கள். அமலா வெறும் கையோடுதான் உச்சிமாகாளி நாடியைப் பிடித்தாள், அப்போது எனக்குக் கொஞ்சம் திக்கென்றுதான் இருந்தது.

அப்புறம்தான் விஷயம். வந்தவருக்கு மரியாதையாக இருக்கட்டும் என்று படிக்கிற பெண்கள் எல்லாம் சேர்ந்து எவர்சில்வர் டம்ளர் ஒன்று வாங்கி, பாத்திரக்கடையில் உச்சிமாகாளி என்று பேர் வெட்டி, அதில் டீ ஊற்றிக் கொடுத்தார்கள். கடைக்கு ஓடினது நம் அமலாதான். நானும் பரவாயில்லையே, சபை மரியாதை தெரிந்த பிள்ளை என்று பூரித்துப்போனேன். அவர் டம்ளரைத் திருப்பிப் பேரைப் படித்தார். எங்க மதினியும் இப்படித்தான் பேரு வெட்டிக் குடுத்தாவ, அதுக்கப்புறம் வீட்டுல வேற டம்ளரே என் கைக்கு வரல என்றார். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. அமலாவுக்கு முகம் சுண்டிவிட்டது. இன்னா ஆயா, நல்லதுன்னு நெனச்சிக்கினுதானே வாங்கினோம் என்று என் காதில் சொன்னவள், சட்டென்று எழுந்து எல்லார் டம்ளரையும் வாங்கி ஒரே அன்னக்கூடையில் போட்டுக் கழுவி மறுபடி டீ ஊற்றினாள். எது யாருடையது என்று பார்க்கவே இல்லை. பேர் வெட்டினது என் கைக்கு வந்தது. குடித்தேன். சர்க்கரை கொஞ்சம் கம்மி, வேறொன்றுமில்லை.

கிளம்பும்போது டம்ளரை அவர் என்னிடமே கொடுத்துவிட்டார், உங்க வீட்டுல புழங்கட்டும் ஆச்சி என்று. மற்றதோடு கழுவிக் கவிழ்த்து வைக்கிறோம், இன்று காலை உன் பெண்டாட்டி அதில்தான் காபி குடித்தாள். பொங்கலுக்கு நீ வரும்போது உன் கைக்கும் வரும், யார் பேர் இது என்று கேட்காமல் குடி.

நீ நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் இருக்கவேண்டும். அந்தத் திங்கட்கிழமை அமலா போகத்தான் போகிறாள், அதற்கு முன் நீயே போன் போட்டு அவளிடம் போய்வா என்று சொல்லிவிடு, மறக்காதே.

இப்படிக்கு
உன் அம்மா
சுந்தராம்பாள்