கிளிப்பச்சைப் புடவையும் காப்பீட்டு அட்டையும்

என்னைத் திட்டவும் ஊட்டவும் உரிமை வைத்திருந்த என் லூர்தக்காவுக்கு,

கல்லறைத் திருநாளுக்கு உன் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்து, சாமந்தி வைத்துவிட்டு வந்தோம். செபம் முடித்து எல்லாரும் கிளம்பிய பிறகும் எனக்கு எழுந்திருக்க மனசில்லை. உன்னிடம் கேட்க வேண்டிய மன்னிப்பு ஒன்று ஒரு வருடமாகக் கேட்கப்படாமலே கிடக்கிறது.

நாலு படி ஏறினாலே உனக்கு மூச்சு வாங்கியது. தர்மபுரியில் ஸ்கேன் பார்த்தவர்கள், இதய வால்வு சுருங்கிவிட்டது, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றார்கள். நீ கொஞ்சமும் பயப்படவில்லை. "அதான் அரசாங்க கார்டு இருக்குதில்ல" என்று ஜெபப்புத்தகத்துக்குள் வைத்திருந்த காப்பீட்டு அட்டையை எடுத்துக் காட்டினாய்.

என் தெனாவெட்டு உனக்குத் தெரியாததா? மாரண்டஹள்ளி பஸ் ஸ்டாண்டு ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்து, அட்டை செல்லும் ஆஸ்பத்திரிகளின் பட்டியலை ஊருக்கே பிரிண்ட் எடுத்துக் கொடுப்பவள் நான். அதில் சேலத்து ஆஸ்பத்திரி ஒன்றைப் பார்த்து போன் போட்டேன். "கார்டு எடுப்பீங்களா?" "எடுப்போம்ங்க." அவ்வளவுதான், பாதி வைத்தியம் முடிந்த மாதிரி உன்னிடம் வந்து பீற்றிக்கொண்டேன்.

முதல் நாள் நீ கிளிப்பச்சைப் புடவை கட்டிக்கொண்டு வந்தாய். மாதா திருவிழாவுக்கு எடுத்தது. "பெரிய ஆஸ்பத்திரிடி, நாமளும் கொஞ்சம் மதிப்பாப் போவோம்" என்றாய். கவுன்ட்டரில் இருந்த பெண் அட்டையைப் பார்த்தாள், உன்னைப் பார்த்தாள். "இந்த ஆபரேஷனுக்கு இப்ப முடியாதுங்க. அடுத்த வாரம் வந்து பாருங்க" என்றாள்.

வெளியே வந்ததும் நான் உன்மேல் பாய்ந்தேன். "இப்புடி மினுக்கிக்கிட்டு வந்து இலவசமாப் பண்ணுங்கன்னா யாருக்கா நம்புவாங்க? பழசு எதாச்சும் கட்டிக்கிட்டு வரக்கூடாதா?"

நீ முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாய். வழக்கமாக ஒன்றுக்கு நாலு திருப்பிக் கொடுப்பவள், அன்று ஏனக்கா சும்மா இருந்தாய்?

அடுத்த வாரம் சாயம் போன ஊதாப் புடவையில் வந்தாய். கழுத்து மணியைக்கூடக் கழற்றி வைத்துவிட்டாய். அதே பதில்தான். அதற்கடுத்த வாரமும் அதே பதில். ஒவ்வொரு முறையும் மூன்று பஸ் மாறி, வழியெல்லாம் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சுக்குத் தவித்தாய்.

மூன்றாம் முறை, அங்கே தரை துடைத்துக்கொண்டிருந்த ஒரு அம்மாதான் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ஆஸ்பத்திரி கார்டு எடுக்குது கண்ணு. ஆனா இங்க ஹார்ட் டாக்டரு வெளிய இருந்து வந்து போறவரு. அவரு கார்டுல பண்றதில்ல. பஸ் ஸ்டாண்டுக்கு அந்தப் பக்கம் இன்னொரு ஆஸ்பத்திரி இருக்குது. அங்கயே இருக்கற டாக்டரு பண்றாரு, போங்க."

ஆட்டோவில் பத்து நிமிடம். அந்த டாக்டர் உன்னை உட்காரவைத்துப் பேசினார். அட்டையிலேயே செய்துவிடலாம், திங்கட்கிழமை வந்து சேர்ந்துவிடுங்கள் என்றார். முதல் நாளே பத்து நிமிடத் தூரத்தில் இருந்த மனிதர், அக்கா. என்னைப் போட்டு அறைந்திருக்கலாம் நீ.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நீ கேட்டாய்: "திங்கக்கெழம அந்தப் பச்சப் பொடவயக் கட்டிக்கட்டுமாடி?"

"மொதல்ல ஆபரேஷன் முடியட்டும். வூட்டுக்கு வரும்போது கட்டிக்க" என்றேன். அப்போதும் எனக்குப் பயம். அந்தப் புடவையைப் பார்த்து இவரும் மனசு மாறிவிடுவாரோ என்று.

சனிக்கிழமை காலை, டீ ஆற்றிக்கொண்டு வந்தேன். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே போய்விட்டிருந்தாய்.

கிளிப்பச்சைப் புடவையை நான்தான் உனக்குக் கட்டிவிட்டேன். மடிப்பு சரியாக வரவேயில்லை. மூன்று தரம் பிரித்துக் கட்டினேன். யாரோ "போதும் ஸ்டெல்லா" என்றார்கள்.

இப்போதும் அதே கடையில்தான் உட்கார்ந்திருக்கிறேன். பட்டியலை மட்டும் கொடுத்து யாரையும் அனுப்புவதில்லை. அவர்கள் எதிரிலேயே போன் போட்டு, "இந்த ஆபரேஷனப் பண்ற டாக்டரு யாருங்க? அவரு கார்டுல பண்ணுவாரா? என்னிக்கி இருப்பாரு?" என்று கேட்கிறேன். சிலர் எரிந்து விழுகிறார்கள். விழட்டும். என் வாயைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நேற்று பென்னாகரத்திலிருந்து ஒரு அம்மா வந்திருந்தார். உனக்கு வந்த அதே நோய். ஐந்து இடத்துக்குப் பேசி, கடைசியில் உனக்குத் தேதி கொடுத்த அதே டாக்டரிடம் சொல்லி வைத்தேன். அட்டை, ரேஷன் கார்டு, பழைய ஸ்கேன் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொடுத்தேன். அவர் தன் நைந்த புடவையைத் தடவியபடி, "இதோடவே போயிரலாமுங்களா?" என்று கேட்டார்.

"வூட்டுல இருக்கறதுலயே நல்லதக் கட்டிக்கிட்டுப் போங்கம்மா" என்றேன். 

இந்தக் கடையில் நான் உட்கார்ந்திருக்கும்வரை, என்னிடம் வரும் எவரையும் ஏழையாக வேஷம் கட்டிக்கொண்டு வைத்தியத்துக்குப் போகச் சொல்ல மாட்டேன் அக்கா. உன்மேல் சத்தியம்.

உன் புடவை மடிப்பை இன்னமும் மனசுக்குள் சரிசெய்துகொண்டிருக்கும்
உன் தங்கச்சி,
ஸ்டெல்லா