நேத்து நான் ஏன் சிரிச்சேன்னா

ஹேரின் அப்பா,

சிப்பி உரிக்கிற வேலைக்குக் கிளம்பிட்டேன். கடற்பாசி சூப் அடுப்புல இருக்கு, சுட வச்சுக் குடிங்க. பத்து மணிக்கு பிசியோதெரபி சொல்லித் தர்ற பியோன் டீச்சர் வருவாங்க. அவங்ககிட்ட மூஞ்சியைத் தூக்கி வச்சுக்காதீங்க.

நேத்து இந்தப் பார்க்கின்சன் நோய் உங்க காலை வாசப்படியில பிடிச்சு நிறுத்தினப்போ, அடி எடுத்து வைக்க டீச்சர் சொல்லிக்குடுத்தபடி "ஒண்ணு, ரெண்டு"ன்னு எண்ணினீங்க. நான் சிரிச்சுட்டேன். "கேலியா பண்றே?"ன்னு கத்திட்டு, சாப்பிடாமலே படுத்துட்டீங்க.

கேலி இல்லைங்க. கல்யாணத்துக்கு முன்னாடி, கம்பெனி விளையாட்டு விழாவுல நம்ம ரெண்டு பேர் காலையும் சேர்த்துக் கட்டி ஓட விட்டாங்களே, அன்னைக்கும் இதே குரல்லதான் எண்ணினீங்க. கடைசியாத்தான் வந்தோம். கயித்தை அவிழ்த்த பிறகும் என் தோள்லேர்ந்து நீங்க கையை எடுக்கல.

ஹேரின் அம்மா

இன்னொண்ணு: சாவியை வேணும்னேதான் விட்டுட்டுப் போறேன். சாயங்காலம் நீங்கதான் வந்து கதவைத் திறக்கணும். எவ்வளவு நேரமானாலும் வெளியில நிக்கிறேன்.