நீ வாங்கிக் குடித்த சொம்புத் தண்ணீர்

என் வசந்தா அக்காவுக்கு,

உன் பாடத்தை மறைத்துவிட்டார்கள். நேற்று உன் பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தேன். பதினொன்றாம் வகுப்புச் சுவரில் நீ வரைந்து மாட்டிய குடல் படத்தின் மேல் பரீட்சை அட்டவணையை ஒட்டியிருக்கிறார்கள். ஏன் என்று தலைமையாசிரியரைக் கேட்டேன். "அதெல்லாம் பரீட்சைக்கு வராதுங்க" என்றார். நீ இருந்தபோது உன்னிடம் சொன்ன அதே வார்த்தை.

நீ என்ன தப்பு செய்தாய்? ஆரணிப் பெண்களுக்குத் தெரிந்த பட்டு நூலை வகுப்புக்குக் கொண்டுபோனாய். பசை நீக்காதது ஒரு பிடி, கொதிக்கவைத்துப் பசை நீக்கியது ஒரு பிடி. இரண்டையும் ஒரே சாயத்தில் முக்கி வெந்நீரில் அலசினாய். பசை நீக்காததில் சாயம் கழன்று ஓடியது. நீக்கியதில் நின்றது. அதைக் காட்டிச் சொன்னாய்:

"கிருமி உள்ள போனா மட்டும் போதாதும்மா. குடல் சுவத்துல ஒட்டணும். அது மேல இருக்குற மெல்லிசு இழைக்கு நம்ம செல்லு மேல சரியான பிடி கிடைக்கணும். கிடைச்சா தங்கிப் பெருகும். இல்லன்னா அடிச்சிக்கினு போயிடும்."

"எங்க சித்தப்பா மாதிரி டீச்சர்! சோறு கிடைச்ச வூட்லயே தங்கிடுவாரு" என்றாள் மல்லிகா. வகுப்பே சிரித்தது என்று வீட்டுக்கு வந்து சொல்லிச் சிரித்தாய்.

அந்தக் கோடையில் மல்லிகாவின் தெருவில் வாந்திபேதி. நான்கு நாளாய் அவள் வரவில்லை என்று பார்க்கப் போனாய். தண்ணீரைக் காய்ச்சுங்கள், தறியில் ஏற்றும் பாவு நூலுக்குக் கஞ்சி போட்ட கையைக் குடத்தில் விடாதீர்கள் என்று சொன்னாய். அவள் அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, அதே குடத்தில் மொண்டு நீட்டினார்.

"வெயில்ல வந்துகினு இருக்கீங்க, தண்ணி குடிங்க டீச்சர்."

குடித்தாய். ஏன் அக்கா?

எனக்குத் தெரியும். அந்தத் தெருவில் நம்மைக் குனியச் சொல்லி, ஏந்திய கையில் தூக்கித்தான் ஊற்றுவார்கள். அம்மா அப்படித்தான் குடித்தாள். நாமும். வீட்டுச் சொம்பை உன் கையில் கொடுத்தது அன்றுதான்.

"சொம்புலயே குடுத்தாங்கடா. எப்புடிடா வேணான்றது?" என்றாய். மூன்றாம் நாள் நீ இல்லை.

அந்த அம்மாள் மேல் எனக்குக் கோபமில்லை. "நான்தாங்க குடுத்தேன்" என்று நம் வாசலில் நின்று அழுதார். ஒரு சொம்புத் தண்ணீரை நமக்குக் கிடைக்காத பொருளாக்கி வைத்தார்களே, அவர்கள் மேல் கோபம். தெரிந்தே குடித்தாயே, உன் மேலும். 'வயிற்றுப்போக்கால் ஆசிரியை மரணம்' என்று என் பத்திரிகைக்கு மூன்று வரி எழுதிக் கொடுத்துவிட்டு, அந்தத் தண்ணீரை நீ ஏன் மறுக்க முடியவில்லை என்பதை எழுதாமல் விட்டேனே, என் மேலும்.

அட்டவணையை நேற்றே கிழித்துவிட்டேன். தலைமையாசிரியர் கத்தினார். கத்தட்டும். விட்டதை இப்போது எழுதிவிட்டேன்.

இனி எந்த வீட்டில் யார் சொம்பை நீட்டினாலும், "காய்ச்சினதாங்க?" என்று கேட்பேன். இல்லையென்றால், கும்பிட்டு, வேண்டாம் என்பேன். நீ சொல்லாமல் விட்ட அந்த ஒரு வார்த்தையை நான் சொல்வேன், அக்கா.

உன் பக்கத்தில் குனிந்து கையேந்திக் குடித்த
உன் தம்பி