மதில் சுவரில் ஒரு காவிக் கோடு

ஓவர்சியர் சார்,

எதிர் வீட்டுப் பெண் பொங்கல் கோலத்துக்குக் காவி கரைத்துக்கொண்டிருக்கிறாள். அந்த ஈர வாசனை தெருவைத் தாண்டி என் நாற்காலி வரை வந்துவிட்டது. காவி என்றால் எனக்கு நீங்கள்தான். முழங்கால் வரை சுருட்டிய பேன்ட், ஒரு கையில் காவி டப்பா, மறு கையில் முடி கொட்டிய பிரஷ், வாய் ஓயாத பேச்சு. நீங்கள் போய் நாற்பது நாள் ஆகிறது. நேரில் சொல்லியிருக்க வேண்டியதை இப்போது எழுதுகிறேன். என் வழக்கம்தான் உங்களுக்குத் தெரியுமே.

தொண்ணூற்றாறில் நான் வார்டு உறுப்பினர் ஆனபோது நம் பேரூராட்சியில் வீடு முளைத்த வேகத்துக்கு ரோடும் ஈடுகொடுக்கவில்லை, கால்வாயும் ஈடுகொடுக்கவில்லை. ஏரிக்குக் கீழே நெல் விளைந்த இடமெல்லாம் மனையாகிவிட்டிருந்தது. அதில் ஒன்றில்தான் நாங்களும் வீடு கட்டியிருந்தோம். ஐப்பசி வந்தால் எங்கள் தெரு குளமாகும். பட்ஜெட் கூட்டத்தில் மழைநீர்க் கால்வாய் கேட்டு நான் எழுந்தால், மற்ற உறுப்பினர்களும் எழுந்து தங்கள் தெருதான் மூழ்கியது என்பார்கள். மாசி மாதத்து வெயிலில் யார் சொல்வது உண்மை என்று யாருக்குத் தெரியும்?

அதற்கு நீங்கள் கண்டுபிடித்த வழிதான் காவி. மழை கொட்டும்போதே தெருத்தெருவாக இறங்கி, ஒவ்வொரு மதில் சுவரிலும் தண்ணீர் நின்ற உயரத்தில் ஒரு கோடு. “தண்ணி நின்ன எடத்த வரைஞ்சி வச்சிட்டா எவனும் பேச முடியாதும்மா” என்றீர்கள். நான் குடை பிடித்தேன். மாசியில் டேப்பை எடுத்துக்கொண்டு அளக்கப் போனோம். ஒரு கோடு கூட இல்லை. நடுவில் பொங்கல் வந்து ஊரே வெள்ளையடித்திருந்தது. செய்யூர்ப் பக்கம் சொந்த வீட்டுக்கு வருடா வருடம் வெள்ளையடித்த உங்களுக்கும் அது தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. நீங்கள் சிறுபாலத்துக் கட்டையில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தீர்கள். “நம்மள மாரி ரெண்டு புத்திசாலி ஒரே ஆபீசுல இருந்தா ஊரு இன்னாத்துக்கு ஆவும்?” அந்த வருடப் பணம் தலைவர் தெருவுக்கு சிமென்ட் ரோடாகப் போனது. நான் வீட்டுக்கு வந்து அழுதேன்.

அடுத்த மழையில் உஷாராகிவிட்டீர்கள். கோடு போட்டதும் அளந்து, நோட்டில் எழுதிவிடுவீர்கள். வீட்டுக்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள். “கோடு போட்டா எவன் சார் வாடகைக்கு வருவான்?” என்றார் ஒருவர். “போடலன்னா தண்ணி வராதா?” என்று கேட்டுக்கொண்டே அவர் சுவரிலும் இழுத்தீர்கள். என் வீட்டில் மூன்றே கால் அடி. ஊரிலேயே அதுதான் அதிகம். போட்டியில் ஜெயித்தவளைப் போல என்னைக் கேலி செய்தீர்கள்.

அந்த மார்கழியில்தான் என் கணவருக்குக் கல்பாக்கத்தில் குவார்ட்டர்ஸ் கிடைத்தது. பெரியவளுக்கு இன்ஜினியரிங் ஆசை. வீட்டை விற்றால் அவளைச் சேர்த்துவிடலாம். வீட்டைப் பார்க்க ஆள் வருகிறது என்றதும், பொங்கல் வரைகூடப் பொறுக்காமல், ஒரு மத்தியானம் நானே சுண்ணாம்பு கரைத்துக் கோட்டை அழித்தேன். வந்தவர் இன்னொரு உறுப்பினரின் மைத்துனர். கூட வந்த மனைவி ஏழு மாதக் கர்ப்பிணி. “மழைக்குத் தண்ணி நிக்குமாக்கா?” என்று கேட்டாள். “தெருவோடு ஓடிவிடும்” என்றேன். நாக்கு கூசவே இல்லை.

பட்ஜெட் கூட்டத்துக்கு முந்தின நாள் நோட்டைக் கொடுக்க வந்தீர்கள். சுவரைப் பார்த்தீர்கள். காப்பி குடித்தீர்கள். கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னீர்கள்: “யம்மா, உங்க வூட்டு அளவு நோட்டுல கீது. வோணாம்னா அந்த ஒரு வரிய வுட்டுட்டுப் படிங்க. நா ஒண்ணும் கேக்க மாட்டேன்.” திட்டியிருந்தால் நானும் பதிலுக்குத் திட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். அதற்கும் வழியில்லாமல் செய்துவிட்டீர்கள்.

மறுநாள் கூட்டத்தில் வீடு வீடாகப் படித்தேன். எதிரே அந்த உறுப்பினர். பன்னிரண்டாவது வரிக்கு வந்ததும் விரல் அங்கேயே நின்றது. அந்தப் பெண் அக்கா என்று கூப்பிட்டதுதான் காதில் கேட்டது. “பன்னிரண்டாவது என் வீடு. மூன்றே கால் அடி” என்றேன். தலைவர் எழுத்தரைப் பார்த்து, “மெம்பரே சொந்த வூட்ட சொல்லிட்டாங்க. அப்பால இன்னா பேச்சு? கால்வாய எழுதிக்கப்பா” என்றார். நான் உங்களைப் பார்த்தேன். நீங்கள் பென்சில் சீவிக்கொண்டிருந்தீர்கள்.

வீடு வாங்க வந்தவர் அதற்குப் பிறகு வரவில்லை. வீடு விற்காமல் நாங்கள் தயங்கியதில் குவார்ட்டர்ஸை வேறு யாரோ எடுத்துக்கொண்டார்கள். பெரியவள் செங்கல்பட்டில் பி.எஸ்ஸி. சேர்ந்தாள், ஒரு வருடம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. கால்வாய் முடிந்த முதல் மழையில் நீங்கள் நனைந்தபடி எங்கள் வாசலில் வந்து நின்று, “ஓடுது பாரும்மா, ஓடுது” என்று கூப்பிட்டீர்கள். அவளும்தான் வெளியே வந்து பார்த்தாள்.

ஆனால் சார், ஊர் எனக்கு ஒரு பட்டம் கட்டிவிட்டது. சொந்த வீட்டு அளவையே சபையில் படித்தவள் என்று. பத்துப் பன்னிரண்டு வருடம் அதற்குத் தலையாட்டிக்கொண்டே இருந்தேன். சுண்ணாம்பு விஷயம் உங்களுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். போன வாரம் உங்கள் இரங்கல் கூட்டத்திலும் அதையே சொல்லி என்னைப் பேச அழைத்தார்கள். உங்கள் படத்துக்கு முன்னால் நின்று அதற்குத் தலையாட்ட என்னால் முடியவில்லை. கோட்டை அழித்தது, பொய் சொன்னது, நீங்கள் நோட்டை நீட்டியது, எல்லாவற்றையும் சொல்லிவிட்டு யார் முகத்தையும் பார்க்காமல் வந்து உட்கார்ந்தேன்.

உங்கள் மனைவி எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்தார். “நீங்கதானா அது?” என்றார். “ஒரு அம்மா கோட்ட அழிச்சிட்டு, அப்பால அவங்களே எழுந்து நின்னு படிச்சாங்கன்னு பேரப் பசங்களுக்குச் சொல்லிகினே இருப்பாரு. யாருன்னு எத்தினி வாட்டி கேட்டும் பேர் மட்டும் சொல்லல.”

நான் வெட்கத்தோடு ஒளித்து வைத்திருந்ததை நீங்கள் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறீர்கள். இனி நானும் அதை உங்களைப் போலவே சொல்லப் பழகிக்கொள்கிறேன். ஒரே வித்தியாசம், நான் பேரையும் சொல்வேன்.